கால் ரூபாயின் நேர்மை

தேவாரத்துக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரை அவ்வூர் மக்கள் ‘மலை’ என்று மட்டுமே சொல்வார்கள். பெயர் சொல்லி அழைக்கும் தேவை அவர்களுக்கு இல்லை. பல தலைமுறைகளாக அவர்களுக்குச் சோறு போட்டது அம்மலை. சாலைகளும் ஜீப்புகளும் வருமுன், சாக்குலூத்து மெட்டு வழியாகக் கால்நடையாய் ஏறி, ஏலத் தோட்டங்களில் வாரக்கணக்கில் தங்கிக் காயெடுத்து, கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிய பெண்கள் பலர். அந்த முடிச்சுகளுள் ஒன்று அவிழ்க்கப்பட்டதை அண்மையில் நாம் காண நேர்ந்தது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒரு திருமண வீட்டில் மணப்பெண்ணுக்குக் கொலுசு செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. எண்பது வயதைக் கடந்த அப்பத்தா ஒருவர் தம் பெட்டியின் அடியிலிருந்து துருவேறிய தகரச் சிமிழ் ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய மாமியார் மலையில் உழைத்துச் சேர்த்த வெள்ளிக்காசுகள் அதில் இருந்தன. ஒன்பது இரண்டணாக் காசுகள். பதினான்கு கால் ரூபாய்கள். ஆக இருபத்து மூன்று. அன்றைய கணக்கில் நாலு ரூபாய் பத்தணா. ஒரு பெண்மணி தம் ஆயுளில் செலவழிக்காமல் விட்டுவைத்த செல்வம் அவ்வளவே.

பேரன் அவற்றை நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைத்தும் நிறுத்தும் பார்த்து வந்தான். இரண்டணாக் காசுகள் ஒன்பதும் நல்ல வெள்ளி. கால் ரூபாய்களில் ஆறு நல்ல வெள்ளி. ஐந்து பாதி வெள்ளி. மீதி மூன்றில் வெள்ளியே இல்லை. புலி உருவம் பொறித்த அம்மூன்றும் கடைக்காரர் காட்டிய காந்தத்தில் ஒட்டிக்கொண்டனவாம். அதைக் கேட்ட அப்பத்தா நம்மைப் பார்த்துக் கேட்டார்: “ஏய்யா, இந்தக் காசுக்கும் எங்க மாமியா அதே மலையைத்தானே ஏறுனாக? அதே சுமையைத்தானே சொமந்தாக? பெறகு இதுல மட்டும் எப்படிய்யா வெள்ளி கொறஞ்சு போச்சு?”

இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. விடையைத் தேடிப் புறப்பட்டபோது, வெள்ளியின் வரலாற்றில் சிறிய காசுக்கென்று தனியே ஒரு வரலாறு உண்டு என்பது தெரிந்தது.

மலையடிவாரத்தின் முதற்சேமிப்பு

போடிநாயக்கனூர்ப் பகுதிக்கும் வெள்ளிக்காசுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நாணயவியல் அறிஞர்கள் ‘போடிநாயக்கனூர்ப் புதையல்’ என்று குறிப்பிடும் ஒரு தொகுதி உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் அதில் இருந்தன. அவற்றின் பின்புறத்தில் மீனைப் போன்ற ஒரு குறி காணப்படுவதால், அவை பண்டைப் பாண்டியர் வெளியிட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அல்லது ஒரு குழுவினர் அவற்றைச் சேர்த்து மண்ணுக்குள் வைத்தனர். மீட்டெடுக்க அவர்கள் திரும்பி வரவில்லை.

முத்திரைக் காசு செய்யும் முறை எளியது. வெள்ளியைத் தகடாக அடித்து, துண்டுகளாக வெட்டி, எடை மிகுந்திருந்தால் ஓரத்தைக் கத்தரித்துச் சரிசெய்து, பிறகு சின்னங்களை ஒவ்வொன்றாக அடிப்பார்கள். ஆகவே காசுகளின் வடிவம் ஒழுங்காய் இராது. ஒன்று சதுரமாகவும் ஒன்று கோணலாகவும் இருக்கும். ஆனால் எடையில் ஒழுங்கு உண்டு. இந்தியாவில் பரவலாக வழங்கிய முத்திரைக் காசின் அளவு முப்பத்திரண்டு குன்றிமணி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றரை கிராம். அழகைவிட நிறையே முதன்மை என்று அக்காசைச் செய்தவர் கருதினர் எனலாம்.

வெள்ளி இம்மலைகளில் விளைவதில்லை. மிளகும் ஏலமும் விளைகின்றன. மலை விளைபொருள் கீழே இறங்க, வெள்ளி மேலே ஏறிற்று. உரோமப் பேரரசின் வெள்ளித் தெனாரியங்கள் கொங்கு நாட்டுப் பூதிநத்தம் போன்ற இடங்களில் புதையல்களாகக் கிடைத்திருப்பதும் இந்த வணிகத்துக்குச் சான்று. நறுமணப் பொருளுக்கு ஈடாக வெள்ளியைப் பெற்று, அதைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துவைப்பது இந்தப் பள்ளத்தாக்கின் பழைய வழக்கம். தேவாரத்துத் தகரச் சிமிழ் அந்த வழக்கத்தின் கடைசிக் கண்ணிகளுள் ஒன்று.

பின்னமும் முழுமையும்

இனி, சிமிழிலிருந்த காசுகளின் காலத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் பொன் வராகனும் வெள்ளிப் பணமும் செப்புக் காசும் வழங்கிவந்தன. 1818-இல் அம்மாகாணம் வெள்ளி ரூபாயைத் தன் அளவுகோலாக ஏற்றது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்திற்று. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. இந்த எடையே ஒரு தோலா. நாட்டு மருத்துவர்களும் பொற்கொல்லர்களும் ‘ஒரு ரூபாய் எடை’ என்று நிறுத்துக் கொடுத்தது இதனால்தான். காசே எடைக்கல்லாகவும் இருந்தது.

அச்சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி வேறொன்று. அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், 1841 முதல் அச்சிடப்பட்ட இரண்டணா 1.46 கிராம். எல்லாவற்றுக்கும் வெள்ளியின் தரம் ஒன்றே. நாலு கால் ரூபாயைத் தட்டில் வைத்தால் மறுதட்டில் ஒரு முழு ரூபாய் சரியாக நிற்கும். எட்டு இரண்டணாவை வைத்தாலும் அவ்வாறே. இது எல்லா நாட்டிலும் இருந்த வழக்கமன்று. இங்கிலாந்திலேயே 1816-க்குப் பிறகு சிறு வெள்ளி நாணயங்கள் தம் முகமதிப்பினும் குறைந்த வெள்ளி கொண்ட அடையாளக் காசுகளாகிவிட்டன. இந்தியாவிலோ சிறு காசு பெரிய காசின் உண்மையான பின்னமாக இருந்தது.

தமிழனுக்கு இது புதிதாகத் தோன்றியிராது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டு, திண்ணைப் பள்ளியில் வாய்பாடாக மனப்பாடம் செய்தவர்கள் நம் முன்னோர். பதினாறில் ஒன்றாகிய வீசம் அணாவாயிற்று; எட்டில் ஒன்றாகிய அரைக்கால் இரண்டணாவாயிற்று. பின்னம் என்பது சிறியது, ஆனால் பொய்யானதன்று. முழுமையின் தன்மை முழுவதும் பின்னத்திலும் இருக்கவேண்டும் என்பது அக்கணக்கின் அடிப்படை.

கூலியாளின் கைக்கு முழு ரூபாய் வருவது அரிது, வந்தாலும் தங்காது. அவர் விட்டுவைக்க முடிந்தது இரண்டணா, நாலணா. ஆகவே வெள்ளியைச் சேமிக்க ஏழைக்குத் திறந்திருந்த வாயில் இந்தச் சிறு காசுகளே. அவை நேர்மையாய் இருந்தவரை அவருடைய சேமிப்பும் நேர்மையாய் இருந்தது.

மலைக்கு அப்பால் வேறு காசு

தேவாரத்து மக்கள் ஏறிய மலையின் மறுபக்கம் 1949 வரை திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. அவ்வரசுக்குத் தனி நாணயம் உண்டு. பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது மாற்று வீதம். மெட்டைக் கடந்தவர்கள் இவ்விரு கணக்கையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது.

பழைய வெள்ளிச் சக்கரம் மிகமிகச் சிறியது. அரை கிராம் எடைகூட இல்லை. ஊதினால் பறக்கும் என்று சொல்லத்தக்க அக்காசை விரலால் எண்ணுவது கடினம். அதனால் சக்கரப் பலகை என்ற ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். மரப்பலகை ஒன்றில் காசு அடங்குமளவு சிறு குழிகள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கும். ஒரு பிடி சக்கரத்தை அதன்மேல் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். மிகுந்ததை வழித்தெடுத்தால் பலகையில் இருப்பது இத்தனை என்று பார்த்தவுடன் தெரியும். ஏமாற்ற வழியில்லை, எழுத்தறியாதவரும் எண்ணிக்கையைக் கண்ணால் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிச் சக்கரத்தின் இடத்தைச் செப்புச் சக்கரம் பிடித்தது. இன்று ஒரு வெள்ளிச் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் சேகரிப்பாளர், வெள்ளியை இவ்வளவு சிறிதாகவும் பகிர முடிந்ததே என்று வியக்கிறார். அந்த அளவுக்குச் சிறியவராய் இருந்தவருக்கும் அக்காசில் பங்கு இருந்தது.

கொலுசும் அக்கசாலையும்

காசாகச் சேர்ந்த வெள்ளி நெடுநாள் காசாகவே இருப்பதில்லை. பிள்ளையின் அரைஞாணாகவும் மகளின் தண்டையாகவும் மருமகளின் மெட்டியாகவும் அது உருமாறும். பஞ்சம் வந்தால் அந்த நகை மீண்டும் காசாகும். ஏனெனில், 1893 வரை எவரும் தம் வெள்ளியை அரசின் அக்கசாலைக்குக் கொண்டுசென்று, ஒரு சிறு கட்டணம் கழித்து, ரூபாய்களாகப் பெறலாம் என்ற உரிமை இருந்தது. ஏழை நேரே அங்குச் செல்லவில்லை. அவருடைய கொலுசை வாங்கிய வணிகர் சென்றார். ஆயினும் அந்தக் கதவு திறந்திருந்ததால் கொலுசின் விலை ரூபாயின் விலைக்கு மிகவும் கீழே இறங்காமல் நின்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மக்களின் வெள்ளி நகைகள் திரள்திரளாக உருக்கப்பட்டுக் காசாயின. அந்த வெள்ளி பலருக்கு அரிசியாயிற்று.

1893-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கதவு மூடப்பட்டது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்துகொண்டிருந்தது. பொன்னில் கணக்கிட்டு இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பவேண்டியிருந்த இந்திய அரசு, ரூபாயின் மதிப்பு சரிவதைத் தடுக்க எண்ணியது. இனி பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளி ரூபாயாக அச்சிடப்படாது என்று சட்டம் செய்தது. சில ஆண்டுகளில் ரூபாய் 16 பென்ஸ் மதிப்பில் நிலைபெற்றது. அதில் அடங்கிய வெள்ளியோ 1897 அளவில் ஏறத்தாழ 10 பென்ஸ் மட்டுமே பெற்றது.

இதன் விளைவு என்ன? அரசின் முத்திரை பெற்ற ஒரு தோலா வெள்ளிக்குப் பதினாறு அணா. முத்திரை இல்லாத கொலுசிலிருந்த அதே வெள்ளிக்குச் சுமார் பத்தணா. வங்கியையும் பத்திரத்தையும் அறியாத கோடிக்கணக்கான மக்கள் நகையாகச் சேர்த்துவைத்த வெள்ளி, அவர்களைக் கேளாமலேயே மதிப்பிழந்தது. 1896-97-லும் 1899-1900-லும் இந்தியாவின் பல பகுதிகளில் மீண்டும் பஞ்சம் வந்தபோது, நகையை விற்கச் சென்றவர்கள் இதை உணர்ந்தார்கள். அரசின் கணக்கில் அது ஒரு நாணயச் சீர்திருத்தம். கொலுசைக் கழற்றிய தாயின் கணக்கில் அது சில படி அரிசி.

போர்கள் விழுங்கிய வெள்ளி

முதல் உலகப்போரில் நிலை தலைகீழாயிற்று. வெள்ளியின் விலை ஏறத் தொடங்கியது. இலண்டனில் அவுன்சு 43 பென்சைத் தொட்டால் ரூபாயின் உலோகமும் முகமதிப்பும் சமமாகும் என்பது கணக்கு. 1917-இல் விலை அந்த எல்லையைக் கடந்து 55 பென்ஸ் வரை சென்றது. காசை உருக்குவதே ஆதாயம் என்றானது. அரசு அதைத் தடைசெய்தது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, தன் வெள்ளி டாலர்களை உருக்கி, 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்திய நாணயத்துக்காக வழங்கிற்று. எங்கோ ஒரு நாட்டின் பெட்டகத்திலிருந்த டாலர், நம் ஊர்ச் சந்தையின் ரூபாயாயிற்று.

ஆயினும் சிக்கனம் சிறிய காசிலிருந்தே தொடங்கியது. வெள்ளி இரண்டணா 1917-உடன் நின்றது. அதன் இடத்தில் செம்பும் நிக்கலும் கலந்த இரண்டணா வந்தது. அதே கலவையில் 1919-இல் நாலணாவும் எட்டணாவும் வந்தன. எட்டணாவை மக்கள் ஏற்கவில்லை, போலிகளும் பெருகின, சில ஆண்டுகளில் அது விலக்கப்பட்டது. கால் ரூபாயும் அரை ரூபாயும் வெள்ளியில் தொடர்ந்தன. வெள்ளி இரண்டணா மட்டும் திரும்பவில்லை. ஏழையின் மிகச் சிறிய வெள்ளிக்காசே முதலில் பலியாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது. அப்பத்தாவின் சிமிழில் இருந்த ஒன்பது இரண்டணாவும் 1917-க்கு உட்பட்டவை. அவை கிடைத்தபோதெல்லாம் அந்த மாமியார் செலவழிக்காமல் எடுத்துவைத்திருக்க வேண்டும். கிரெஷாம் என்ற ஆங்கிலேயரின் பெயரால் பொருளியலார் கூறும் விதி ஒன்றுண்டு: மட்டக் காசு நல்ல காசை விரட்டும். நல்ல காசு வேறெங்கும் போவதில்லை, சிமிழுக்குள் போகிறது. பொருளியல் படியாத அம்மூதாட்டி அவ்விதியை நன்றாக அறிந்திருந்தார்.

ஆனால் அவரையும் ஏமாற்றிய ஒன்று 1940-இல் வந்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்தது. கால் ரூபாய், அரை ரூபாய், ரூபாய் ஆகிய மூன்றிலும் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதிப் பாதியில் செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே 2.92 கிராம். முகத்தில் அதே அரசர். பின்னால் அதே எழுத்து. பழைய கால் ரூபாயில் தூய வெள்ளி 2.67 கிராம், புதியதில் 1.46 கிராம். விக்டோரியா அரசி காலத்து ரூபாய்கள் 1941-இலும், ஏழாம் எட்வர்டு காலத்தவை 1942-இலும், ஜார்ஜ் மன்னர்களின் பழைய தரத்து ரூபாய்கள் 1943-இலும் செல்லாக் காசுகளாயின. உள்ளே தள்ளப்பட்டது நல்ல வெள்ளி. வெளியே வந்தது கலப்பு வெள்ளி.

போதாததற்குப் போர்க்காலத்தில் அமெரிக்காவிடமிருந்து கடனாக 22 கோடியே 60 லட்சம் அவுன்சு வெள்ளி பெறப்பட்டது. அதை வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே போர் முடிந்ததும் பாதி வெள்ளிக் காசுகளும் திரும்பப் பெறப்பட்டன. 1946-இல் வந்த கால் ரூபாய், அரை ரூபாய் ஆகியவை முழுதும் நிக்கல். அவற்றின் பின்புறத்தில் நடந்துவரும் புலி ஒன்று பொறிக்கப்பட்டது. சிமிழில் கிடந்த அந்த மூன்று புலிகள் இவைதாம்.

நியாயமாகப் பார்த்தால் அன்றைய அரசுக்கும் ஒரு வாதம் உண்டு. நாலணா என்பது கடையில் நாலணாவுக்கான பொருளைத் தந்தால் போதாதா? அதற்குள் எவ்வளவு வெள்ளி இருந்தால் என்ன? இன்று நம் கையிலுள்ள தாளிலும் நாணயத்திலும் வெள்ளியே இல்லையே! உண்மைதான். வாங்கிய அன்றே செலவிடுபவருக்கு இதனால் இழப்பில்லை. இழந்தவர், செலவிடாமல் எடுத்துவைத்தவர். போர்க்காலத்தில் விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறியது. பழைய கால் ரூபாயை வைத்திருந்தவரை அதிலிருந்த வெள்ளி காத்தது. 1943-இன் கால் ரூபாயை வைத்திருந்தவரைப் பாதியே காத்தது. 1946-இன் புலி எவரையும் காக்கவில்லை. பார்வைக்கு ஒன்றாயிருந்த மூன்று காசுகள், மூன்று வேறு வாக்குறுதிகளாய் இருந்தன. அதைப் படித்தவர்கள் அறிந்திருந்தார்கள். மலையேறியவர்களுக்கு யார் சொன்னார்கள்?

கணக்கிட்டுப் பார்த்தோம். அந்தப் பதினான்கு கால் ரூபாய்களில் பின்வந்த எட்டும் பழைய தரத்தில் இருந்திருந்தால் அவற்றில் 21 கிராமுக்கு மேல் தூய வெள்ளி இருந்திருக்கும். இருந்தது 7.3 கிராம். குறைந்தது ஏறக்குறைய 14 கிராம். ஒரு குழந்தைக்குச் சிறு கொலுசு செய்யலாம்.

இன்றைய சிறு வெள்ளி

1957 ஏப்ரல் முதல் நாள் அணாக் கணக்கு மறைந்து நயா பைசா வந்தது. நாலணாவின் வாரிசாகிய இருபத்தைந்து பைசாவும் 2011 ஜூன் 30-க்குப் பின் செல்லாதாயிற்று. ஆனால் சிறு வெள்ளியைச் சேர்க்கும் பழக்கம் அழியவில்லை. ஐந்து கிராம், பத்து கிராம் எனச் சிறு வெள்ளிக்காசுகள் இன்றும் நகைக்கடைகளில் விற்கின்றன. பொன் எட்டாத வீடுகளில் மொய்யாகவும் பிறந்தநாள் பரிசாகவும் அவை கைமாறுகின்றன. வெள்ளி கிலோ ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாயைக் கடந்துவிட்ட இக்காலத்தில், சிறிது சிறிதாகத்தான் பலரால் வாங்க இயலும்.

இங்கும் சிறியவர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. காசு சிறியதாக ஆக, கிராமுக்கு நாம் தரும் செய்கூலி மிகுதியாகும். நூறு கிராம் கட்டியை வார்ப்பதற்கும் ஐந்து கிராம் காசு அடிப்பதற்கும் ஆகும் உழைப்பில் பெரிய வேறுபாடு இல்லாமையே காரணம். விற்கும்போதோ எடைக்கும் தரத்துக்கும் மட்டுமே விலை, செய்கூலி திரும்பாது. எனவே 999 அல்லது 990 என்ற தரக்குறியீடும் எடையும் பொறிக்கப்பட்டதையே வாங்கி, சீட்டைப் பத்திரப்படுத்துவது நலம். வெள்ளிக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்படவில்லை; ஆயினும் முத்திரையுள்ளதைக் கேட்டு வாங்க வழியுண்டு.

பழங்காசு வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். கறுத்த காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். அந்தக் கறுப்பு காற்றிலுள்ள கந்தகத்தால் ஏற்படும் மெல்லிய படலம். அதைத் தேய்க்கும்போது எழுத்தும் உருவமும் தேய்கின்றன. துலக்கிய காசைச் சேகரிப்பாளர் குறைந்த விலைக்கே கேட்பார். நிலத்தை உழும்போது காசுப் புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டும். போடிநாயக்கனூர்ப் புதையலைப் போன்றவை உருக்குப் பானைக்குள் போயிருந்தால், ஈராயிரம் ஆண்டுக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்தவர் வெள்ளி சேர்த்த செய்தியை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

தேடத்தக்க காசு

பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த பெண் ஒருத்தி, அவற்றுள் ஒன்று காணாமற்போனதும் விளக்கேற்றி, வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தேடியதை லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். அவள் தேடிய திராக்மா, தகரச் சிமிழின் கால் ரூபாயைவிடச் சிறிதே கனமான வெள்ளி. ஒன்பது இருக்கின்றனவே என்று அவள் விட்டுவிடவில்லை. சிறிய வெள்ளிக்காசின் அருமை அதை உழைத்துச் சேர்த்தவருக்கே தெரியும். அளவைக் குறைத்து, எடையை மாற்றி, ஏழையை ஏய்த்தவர்களை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துகொண்டதும் இங்கு நினைவுக்கு வருகிறது. அவர் பேசியது அங்காடித் தராசைப் பற்றி. அந்தச் சொல் அக்கசாலைக்கும் பொருந்தும். இன்று கூலி, ஓய்வூதியம், சேமநிதி என்று சிறியவரின் சேமிப்பைக் கையாளும் எல்லாருக்கும் பொருந்தும்.

திருமண வீட்டில் என்ன முடிவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். இரண்டணாக் காசுகளில் இரண்டை மட்டும் புதுக் கொலுசுக்கான வெள்ளியுடன் சேர்த்து உருக்கினார்கள். மாமியாரின் உழைப்பு மணப்பெண்ணின் காலில் இருக்கவேண்டும் என்பது அப்பத்தாவின் விருப்பம். மீதி இருபத்தொன்றையும் சிமிழில் இட்டுப் பேத்தியிடமே கொடுத்தார். புலிக்காசு மூன்றையும் எறிந்துவிடலாமா என்று யாரோ கேட்டபோது அவர் சம்மதிக்கவில்லை. “வெள்ளி இல்லாட்டி என்ன, ஏறுன மலை பொய்யா?” என்றார்.

அவர் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுதான். வெள்ளி குறைந்தது காசில், உழைப்பில் அன்று. பெரிய காசுக்குத் தரும் நேர்மையைச் சிறிய காசுக்கும் தந்த காலம் ஒன்று இருந்தது; நெருக்கடி வந்தபோது அந்த நேர்மை சிறிய காசிடமிருந்தே முதலில் பறிக்கப்பட்டது. தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலை ஜீப்புகளில் இன்றும் பெண்கள் மலையேறுகிறார்கள். அவர்கள் மாலையில் கொண்டுவரும் கூலியில் எடுத்துவைக்கும் சிறு பங்கு, பத்தாண்டு கழித்தும் அதே மதிப்புடன் அவர்களுக்குக் கிடைக்குமா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. காசைச் சேர்ப்பவர் காசை மட்டும் சேர்ப்பதில்லை. நாட்டின் மீது வைத்த நம்பிக்கையையும் அதே சிமிழில்தான் இட்டு மூடுகிறார்.